எனக்கு வர வேண்டிய ஒரு கன்னம்

எனக்கு முதலில் தீங்கு செய்தவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். அவர் பெயர் ஹனூர் சித்தையன். படத்தின் பாதி வரைக்கும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டு, மீதிப் பாதியில் அதே மூஞ்சியை வைத்துக்கொண்டு அழவைப்பாரே, அந்த நடிகர்தான். மைசூரில் இன்றைக்கும் பத்து ஆட்டோ போனால் இரண்டு ஆட்டோவின் முதுகில் அவர் சிரித்துக்கொண்டு போவார். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதற்கும் அவர் செய்த தீங்குக்கும் சம்பந்தம் இல்லை.

1984-ஆம் வருஷம், மைசூரில் ஒரு தபால் ஆபீஸ் வாசலில், பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என் இடது கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டார்.

நான் அப்போது எதிர்ப்புறத்தில் ஒரு கட்டட வேலையில் செங்கல் தூக்கிக்கொண்டிருந்தேன். ஹனூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கீழே படப்பிடிப்பு நடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். டைரக்டர் என்னைப் பார்த்து, "அந்தக் கன்னத்தைக் கூப்பிடு" என்றார். ஆளைக் கூப்பிடவில்லை, கன்னத்தைத்தான் கூப்பிட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நல்ல கன்னம்.

படத்தின் பெயர் 'தபால் பெட்டியில் ஒரு கோழி'. சித்தையன் தபால்காரர். அவர் பொறுப்பில் இருக்கிற தபால் பெட்டிக்குள் ஒரு கோழி புகுந்து தினமும் கடிதத்தின் மேல் முட்டை வைக்கும். அவர் ஒவ்வொரு கடிதத்தையும் துடைத்துத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஊரே சிரிக்கும். கடிதம் போட வருகிற நான் குனிந்து பெட்டிக்குள் பார்த்து, கெக்கெக்கே என்று சிரிக்க வேண்டும். அவர் பொறுக்க முடியாமல் என்னை அறைய வேண்டும். நான் திருப்பி அவரை அறைய வேண்டும். அந்த அறை விழுந்ததும் அவர் முதல் தடவையாக அழ வேண்டும். இடைவேளை. அதற்கப்புறம் படம் முழுக்க அழுகைதான். இப்படித்தான் பேப்பரில் எழுதியிருந்தது. எனக்குப் படித்துக் காட்டினார்கள்.

நான் சிரித்தேன். அவர் அறைந்தார். என் கை மேலே போயிற்று. அந்த நேரம் பார்த்து சமையல்காரன் தட்டில் கரண்டியால் அடித்துச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டான். "உன் அறை சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று டைரக்டர் எழுந்து போய்விட்டார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் மேகம் வந்துவிட்டது. டைரக்டர் அரை மணி நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "இரண்டாவது அறை வேண்டாம். அடித்தவனே அழட்டும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பெயர் கலை என்றார்கள். எனக்கு அது மேகமாகத்தான் தெரிந்தது.

சித்தையன் மட்டும் என் தோளைத் தொட்டு, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்: "மனசுல வெச்சுக்காத கண்ணு. எங்கன்னம் ஒண்ணு உனக்குப் பாக்கி. எப்ப வேணும்னாலும் வந்து அடிச்சுட்டுப் போ."

மனசில் வைத்துக்கொண்டேன். நாற்பத்தொரு வருஷமாக வைத்திருக்கிறேன். நான் போகலாம் போகலாம் என்றிருந்தபோது அவர் பெரிய ஆள் ஆகிவிட்டார். போயே தீருவது என்று முடிவு செய்தபோது செத்துப் போய்விட்டார். கடைசி மரியாதைக்கு வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். எனக்கு வர வேண்டிய கன்னம் இரண்டடி தூரத்தில், மாலைக்கு நடுவில் இருந்தது. கையைத் தூக்கினேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அது போகட்டும். என் வீட்டுக்காரி லிங்கம்மா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு நாள்பட்ட வலி. படம் வந்தபோது அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். படம் மைசூரில் பதினோரு நாள் ஓடியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தபோது அதே கொட்டகையில் வேறு யாரோ வேறு யாரையோ காதலித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் படம் டிவியிலும் வரவில்லை, போனிலும் வரவில்லை.

"ஏனுங்க, சினிமாவுல நடிச்சீங்களாக்கும்?" என்பாள், வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னால். "எதுல? கன்னத்துலயா?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். நாற்பத்தொரு வருஷமாக என் வீட்டில் காப்பிக்குத் துணையாக இந்தச் சிரிப்பைத்தான் பரிமாறுகிறோம். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் 'நடிகர் நினைவு வகைப்பாட்டு அலுவலகம், மைசூரு வட்டம்' என்று ஓர் அலுவலகம் எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் வந்தது. 'மக்களுக்கு மிகவும் பிடித்த சித்தையன் படங்கள் பத்து' என்று ஒரு விழா நடத்தப்போவதாகக் கன்னடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். சர்க்கார் கன்னடம் யாருக்கும் வராது. ஆகவே நேரிலேயே போனேன்.

கீழ்த்தளத்தில் 'நகைப் பிரிவு' என்று பலகை. மேலே போகும் மாடிப்படியில் 'சோகப் பிரிவு' என்று பலகை. அதன் கீழே சிவப்பு எழுத்தில்: 'சிரித்துக்கொண்டு மேலே செல்வது தடை செய்யப்பட்டுள்ளது.'

கீழே மேசையில் ஜெசிந்தா என்று ஒரு பெண் இருந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மேசை மேல் சின்ன மாதா சொரூபம், பக்கத்தில் பெரிய ஃபைல் குவியல்.

"ஏன் அங்கிள், என்ன வேணும்?"

"சித்தையன் படத்துக்கு ஓட்டுப் போடணும்மா."

"அய்யோ, முடிவு போன வாரமே வந்தாச்சே."

"ஓட்டு எப்போ நடந்தது?"

"நாளைக்கு ஆரம்பம்."

இதை விளக்க அந்த அலுவலகத்தின் துணை இயக்குநர் ஹேமந்த் அவர்களிடம் என்னை அழைத்துப்போனாள். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் வாயைத் திறந்தால் கன்னடம்தான் முதலில் வரும்.

"மக்களுக்கு எது பிடிக்கும்னு மக்கள்கிட்டயே கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க அங்கிள்," என்றார் வருத்தமாக. "ஆமேலே லிஸ்ட் ஹேகே மாடோது? எப்படி லிஸ்ட் போடறது? அதனால முதல்ல நாங்க முடிவு பண்ணி மக்களுக்குச் சொல்றோம். அப்புறம் அவங்களுக்குப் பிடிச்சுடும்."

இதில் தப்பு கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது.

சித்தையன் சிரிக்கவும் வைத்தார், அழவும் வைத்தார் என்பதால் பட்டியலில் ஐந்து சிரிப்புப் படமும் ஐந்து அழுகைப் படமும் இருந்தே தீர வேண்டும் என்று விதி. இரண்டுக்கும் தனித்தனி ஒதுக்கீடு, தனித்தனி மாடி, தனித்தனி ஊழியர். கீழ்த்தள ஊழியர் வேலை நேரத்தில் அழக்கூடாது. "எங்க நாய் செத்தப்ப அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு மேலே போய் அழுதுட்டு வந்தேன் அங்கிள்," என்றாள் ஜெசிந்தா. "மேலே நல்லா ஏ.சி. போட்டிருக்காங்க."

சிரிப்புப் படம் ஐந்து முடிவாகிவிட்டது. 'மூன்று மாமியார் முருகேசன்' முதலிடம். அழுகையில் நான்கு முடிவாகிவிட்டது. 'ஈரத் தீப்பெட்டி' முதலிடம். வெளியிட்ட முடிவில் பத்தாவது இடம் மட்டும் காலி, அதற்குத்தான் தகராறு. 'தபால் பெட்டியில் ஒரு கோழி' படத்துக்கு, அதைப் பார்த்த ஜனங்களும் பார்க்காத ஜனங்களும், யாரும் கேட்காமலே ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதிவிட்டார்கள். ஆனால் அது சிரிப்பா, அழுகையா?

"முதல் பாதி சிரிப்பு, அடுத்த பாதி அழுகை," என்றேன்.

"அது எங்களுக்கும் கொத்து அங்கிள், தெரியும். நடுவுல ஓர் அறை வருது. அந்த அறை சிரிப்பா, அழுகையா? அதுலதான் ஃபைல் நின்னுடுச்சு. எட்டு மாசம் ஆய்து."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "ஐயா, அந்த அறையை வாங்கினது நான்தான்."

ஹேமந்த் கண்ணாடியைக் கழற்றினார். ஜெசிந்தா மாதாவைப் பார்த்தாள்.

மறுநாள் என்னை முறைப்படி அழைத்தார்கள். பட ரசனை வல்லுநர் என்று டேவிஸ் என்ற ஒருவரும் வந்திருந்தார். தாடி, துணிப்பை, கையில் மண் குவளையில் பாலில்லாத காப்பி. மைசூரில் இப்போது படித்த பிள்ளைகள் படம் பார்க்கிற விதமே இவரால் மாறிவிட்டது என்று ஜெசிந்தா காதில் சொன்னாள். சிரிப்பு வருகிற இடத்தில் யாரும் சிரிப்பதில்லையாம். கண்ணை மூடி 'ம்ம்' என்கிறார்களாம். மிக நல்ல நகைச்சுவையாக இருந்தால் இரண்டு 'ம்ம்'.

டேவிஸ் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க அந்தக் கோழியை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்றார்.

"வெள்ளைக் கோழி. கொத்தும்."

"அது கோழி இல்லை சார். அது ஒரு கேள்வி."

"முட்டை வெச்சுதே?"

"முட்டைதான் பதில்."

"அந்தப் பதிலை நாங்க மத்தியானம் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டோமே சார்."

டேவிஸ் கண்ணை மூடி, "ம்ம்... ம்ம்" என்றார். இரண்டு விழுந்தது.

பிறகு ஹேமந்த் ஒரு படிவத்தை எடுத்தார். "அறை விழும்போது உங்க மனநிலை என்ன? நகையா, சோகமா? ஏதாவது ஒண்ணுல டிக் போடணும்."

"பசி," என்றேன். "மணி பன்னிரண்டே முக்கால். காலையில ஒரு உருண்டை களி சாப்பிட்டது."

"பசிக்குக் கட்டம் இல்லவே?"

"மனுஷனுக்கு இருக்கே."

அதை அவர் ஓரத்தில் எழுதி, அடித்து, வெள்ளை மை பூசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கன்னம் என்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்டார். ஆதார் அட்டையை நீட்டினேன். "இதுல முழு முகம் இருக்கு அங்கிள். எங்களுக்குக் கன்னம் மட்டும்தான் பேக்கு, அது மட்டும்தான் வேணும்."

கம்ப்யூட்டரில் அந்தக் காட்சியை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாற்பத்தொரு வருஷம் கழித்து என் கன்னத்தை நானே பார்த்தேன். பன்னு மாதிரி இருந்தது. இப்போது எனக்கு இடது பக்கத்தில் ஐந்து பல் இல்லை. கன்னம் உள்ளே போய்க் குழி விழுந்திருக்கிறது. ஹேமந்த் தையல்காரர் டேப்பால் அளந்து பார்த்து, "முக்கால் அங்குலம் குறையுது" என்றார்.

"காணாமல் போன கன்னம் குறித்துப் போலீசில் புகார் கொடுத்தீர்களா?" என்று டேவிஸ் கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார்.

ஜெசிந்தாதான் வழி சொன்னாள். அன்றைக்கு யாருக்கோ பதவி உயர்வு என்று மேசையில் மைசூர்பாக் டப்பா இருந்தது. "சும்னே எதுக்கு யோசனை? ஒரு துண்டை அந்தப் பக்கம் அடக்கிக்கங்க அங்கிள்." அடக்கிக்கொண்டேன். ஹேமந்த் அளந்தார். மிகச் சரியாக இருந்தது! அவர் எழுதி முடிப்பதற்குள் கன்னம் இறங்க ஆரம்பித்தது. நல்ல நெய். மறுபடி ஒரு துண்டு. மறுபடி அளவு. மூன்றாவது துண்டில் எனக்குப் பேச்சு வரவில்லை, அவர்களுக்கு அளவு வந்துவிட்டது. கோப்பில் இப்படி எழுதினார்கள்: 'மனுதாரரின் கன்னம், இனிப்பு நிலையில், தற்காலிகமாகப் பொருந்துகிறது.'

கன்னம் முடிந்தது. அறை பாக்கி இருந்தது. அறை சிரிப்பா அழுகையா என்று முடிவு செய்ய, அதை இன்னொரு முறை நடத்திப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். யார் அறைவது? காவலாளி நஞ்சன்கூட்டுக்காரர், நல்ல கை, முன்வந்தார். அனுமதி இல்லை. சித்தையன் மாநில விருது பெற்றவர் என்பதால், அவருடைய அறையைத் துணை இயக்குநருக்குக் குறைந்த பதவியில் இருப்பவர் விட முடியாதாம். ஆகவே ஹேமந்த் தனக்குத்தானே ஓர் உத்தரவு போட்டுக்கொண்டு, அதை நின்றபடி வாசித்தார்:

"மேற்படி கன்னத்தின் மீது, மேற்படி அறையை, பொதுநலன் கருதி, ஒரு முறை மட்டும் செலுத்துமாறு இதன் மூலம் ஆணையிடப்படுகிறது."

"சாரி அங்கிள், ஆர்டர் இது," என்றார்.

அறைந்தார். மைசூர்பாக் பறந்துபோய் டேவிஸின் மண் குவளைக்குள் விழுந்தது. கீழ்த்தளம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நேரம் மாடிப்படியில் இறங்கி வந்த சோகப் பிரிவு அதிகாரி வைஷாலி மேடம், "அய்யோ பாவம், வயசானவரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"எழுதிக்கோ ஜெசிந்தா," என்றார் ஹேமந்த் பரபரப்பாக. "கீழே நகை. மேலே சோகம்."

நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு கையைத் தூக்கினேன். "சரி ஐயா. இப்போ என் முறை."

"என்ன முறை?"

"திருப்பி அறையணும். கதையில அப்படித்தான் இருந்தது. சித்தையனே ஒத்துக்கிட்டார்."

ஹேமந்த் கோப்பைப் புரட்டினார். "படத்துல இல்லவே அங்கிள். படத்துல இல்லாத அறைக்கு எங்ககிட்ட அதிகாரம் இல்லை. வேணும்னா மனு குடுங்க."

கொடுத்தேன். ஜெசிந்தா ரசீது கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என் வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விஷயம் பேப்பரில் வந்துவிட்டது. அலுவலக வாசலில் ஆளுயரத்துக்குப் பிளாஸ்டிக் கை ஒன்று வைத்தார்கள். ஜனங்கள் அதன் பக்கத்தில் கன்னத்தைக் கொடுத்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் போட்டோகிராபரோடு வந்து, மாற்றி மாற்றி அறை வாங்கிச் சிரித்தார்கள். பியூட்டி பார்லர்களில் கன்னத்தில் ஐந்து விரல் சிவப்பாக வரைந்துவிடுகிறார்கள், அதற்குப் பெயர் 'சித்தையன் கன்னம்'. எங்கள் தெருவிலேயே நான்கு பேர், சித்தையன் தங்களையும் அறைந்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதில் ஒருவன் பிறந்தது சித்தையன் செத்ததற்கு அப்புறம். கேட்டால், "மனசளவில் அறைஞ்சார்" என்கிறான்.

நானும் ஒரு நாள் அந்தக் கைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண், "தாத்தா, ஹாகல்லா, அப்படி இல்லை, உங்களுக்கு அறை வாங்கவே வரலை. கண்ணைக் கொஞ்சம் பெரிசா வைங்க" என்று சொல்லிக் கொடுத்தாள்.

இவ்வளவும் பொறுத்தேன். ஏனென்றால் படம் பட்டியலில் ஏறிவிட்டது. விழாவுக்கு லிங்கம்மாவுக்கும் எனக்கும் அழைப்பு வந்தது.

அழைப்பில் ஒரு குறிப்பு இருந்தது. படத்தை வெட்டக் கூடாது என்று சட்டம். இரண்டு பிரிவும் விட்டுக்கொடுக்காது என்பது நிலைமை. ஆகவே நகைப் பகுதி கீழ்த்தளத்திலும் சோகப் பகுதி மேல்தளத்திலும் காட்டப்படும். நடுவில் பார்வையாளர்கள் மாடி ஏற வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று மூன்று கூட்டம் நடந்ததாம். ஓங்கிய கை நகை என்றும், கன்னத்தில் பட்ட கை உடல் துன்பம் என்பதால் சோகம் என்றும் ஒருமனதாக முடிவாயிற்று.

"அப்போ கை ஓங்குறது கீழே, கன்னம் மேலேயா?" என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"ஆமா அங்கிள்."

"எங்க வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. படி ஏற மாட்டா. லிஃப்ட் இருக்கா?"

"லிஃப்ட் வந்து மூணு வருஷம் ஆச்சு. அது ரெண்டு தளத்துக்கும் போறதால எந்தப் பிரிவுல சேர்க்கிறதுன்னு தெரியலை. பெட்டியிலயே இருக்கு."

விழா நாள் சாயங்காலம் லிங்கம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் இஸ்திரி போட்ட சட்டை. கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. கோழி வந்தது. சித்தையன் முதல் கடிதத்திலிருந்து முட்டையைத் துடைத்து, அதே துணியால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். லிங்கம்மா சிரிக்க ஆரம்பித்தாள்.

எங்கள் கல்யாணத்திலிருந்து இப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததுண்டு, அது வேறு. இது தொடையில் தட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, "அடி ஆத்தா, அந்தக் கோழியப் பாருங்க" என்று என் தோளில் இடித்துச் சிரித்த சிரிப்பு. சுற்றிலும் டேவிஸின் ஆட்கள் கண்ணை மூடி 'ம்ம்' 'ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கோழியைப் பார்த்தது எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேர்தான்.

பிறகு திரையில் ஒரு முதுகு வந்தது. குனிந்து பெட்டிக்குள் பார்க்கிற முதுகு.

"லிங்கம்மா, அது நான்."

"முதுகு யாரு வேணா வெச்சிருக்கலாமுங்க."

திரையில் முதுகு கெக்கெக்கே என்று சிரித்தது. சித்தையனின் கை மேலே போயிற்று. முதுகு திரும்ப ஆரம்பித்தது. காது தெரிந்தது. காதுக்குப் பக்கத்தில் கன்னத்தின் ஓரம் அரை விரல் அளவு தெரிந்தது.

விளக்குப் போட்டுவிட்டார்கள். "நகைப் பகுதி நிறைவுற்றது. அனைவரும் முகத்தைச் சரிசெய்துகொண்டு மேல்தளம் செல்லவும்."

எல்லாரும் ஏறினார்கள். நான் காவலாளியைக் கூப்பிட்டேன். லிங்கம்மாவை நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று யோசனை. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். மூன்று படி ஏறினோம். லிங்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி மறுபடி கோழியை நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். படியில் நின்ற சோகப் பிரிவு ஊழியர் சிவப்பு எழுத்துப் பலகையைக் காட்டினார்.

"அம்மா, சிரிப்பு நின்னப்புறம்தான் மேலே விடுவேன்."

"நிறுத்திப்போட்டேன் சாமி," என்றாள் லிங்கம்மா. அப்படிச் சொல்லும்போதே மறுபடி வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பலகையைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்தாள், இன்னும் மோசமாயிற்று. காவலாளியும் சிரித்துவிட்டார். அவர் பிடித்த பக்கம் நாற்காலி சாய்ந்தது. மூன்று படியும் இறங்கிவிட்டோம்.

"நீங்க போய்ப் பாருங்க," என்றாள். "உங்க கன்னந்தானே."

போகவில்லை. அவள் பார்க்காத கன்னத்தை நான் பார்த்து என்ன செய்ய? காலி நாற்காலிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மேலே படம் ஓட ஆரம்பித்தது.

பளார் என்று ஒரு சத்தம் கூரை வழியாகக் கேட்டது.

கேட்டதோ இல்லையோ, மேல்தளம் முழுவதும் குபீரென்று சிரித்தது! சோகப் பிரிவு சிரித்தது. வைஷாலி மேடம் சிரிப்பது தனியாகக் கேட்டது. டேவிஸின் பிள்ளைகள் 'ம்ம்' சொல்ல மறந்து கூரை அதிரச் சிரித்தார்கள். பிறகு சட்டென்று எல்லாம் அடங்கியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சித்தையன் அழ ஆரம்பித்திருப்பார்.

லிங்கம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அந்தச் சத்தம் நெசமான அறையாட்டமல்ல இருக்குது?"

"நெசந்தான்."

"எந்தக் கன்னம்?"

காட்டினேன். அவள் கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஓர் அதிகாரப்பூர்வமான விசாரணை. கீழ்த்தளத்தில் அழக்கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"நீங்க ஏன் திருப்பி அடிக்கல?"

"சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க."

அவளுக்கு வந்தது பாருங்கள் சிரிப்பு! கோழிக்குச் சிரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. "சோத்துக்குக் கூப்பிட்டாங்களாமா!" என்று என் கன்னத்திலேயே ஒன்று வைத்தாள். செல்லமாகத்தான். ஆனால் முப்பது வருஷம் மாவு ஆட்டிய கை. நன்றாகவே விழுந்தது.

அந்த வாரமே முடிவு வந்துவிட்டது. சோகப் பிரிவு வளாகத்தில் அனுமதியின்றிச் சிரிப்பு எழுந்ததால் படம் சோகம் அல்ல என்று மேல்தளம் திருப்பி அனுப்பியது. சிரிப்பு மேல்தளத்தில் எழுந்ததால் அது தங்கள் கணக்கில் வராது என்று கீழ்த்தளம் மறுத்தது. இப்போது அலுவலக வாசலில் பெரிய பலகை இருக்கிறது: 'மக்களுக்கு மிகவும் பிடித்த சித்தையன் படங்கள் பத்து.' கீழே ஒன்பது படங்களின் பெயர். ஜனங்கள் நின்று படித்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் ஒரே ஒரு மாற்றம். யாராவது வந்தால் லிங்கம்மா, "எங்க ஊட்டுக்காரரு சித்தையன்கிட்ட அறை வாங்கினவரு, நான் காதால கேட்டேன்" என்கிறாள். வந்தவர்கள் அப்போதும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

என் மனுவுக்கும் பதில் வந்தது. ஜெசிந்தாதான் தமிழில் படித்துச் சொன்னாள்: 'தாங்கள் கோரிய திருப்பி அறைதல் குறித்து ஆராயப்பட்டது. அது நகை வகையைச் சேர்ந்ததா, சோக வகையைச் சேர்ந்ததா என்பது தெரியவரும் வரை தாங்கள் கையை ஓங்கிய நிலையில் காத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

காத்திருக்கிறேன். சித்தையன் கன்னம் ஒன்று வர வேண்டும். ஹேமந்த் கன்னம் ஒன்று வர வேண்டும். லிங்கம்மாவுடையதை நான் தள்ளுபடி செய்துவிட்டேன், அந்த வீட்டில்தான் நான் சாப்பிட வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டு வந்த நீங்கள், நான் அறை வாங்கிய இடத்தில் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மைசூர்பாக் பறந்தபோது சிரித்தீர்கள். வயசான ஆளை அடிக்கிறார்களே என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உங்கள் கன்னமும் எனக்குச் சேர வேண்டியதுதான். விலாசம் எழுதி அனுப்புங்கள். கை ஓங்கியபடியே இருக்கிறது.